டார்ச் அடித்து நான் பார்த்த உருவம்

ஆபீசில் நீங்கள் எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் என்னை "டார்ச் பாய்" என்று சொல்வது எனக்குத் தெரியும். ரிட்டயர் ஆகிற அன்று கேக் வெட்டியபோது ஒரு தங்கச்சி வாய் தவறி மைக்கிலேயே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது. கோபமில்லை, சத்தியமாக. ஆனால் பெயர் வந்த கதையை ஆளுக்கொரு மாதிரி சொல்லித் திரிகிறீர்கள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. ஒரு கதையில், ஏலம் நடக்கும்போது கரண்டு போய், நான் ஒரு கையில் டார்ச்சும் ஒரு கையில் சுத்தியலுமாக நின்று வியாபாரத்தை முடித்தேனாம். துபாயில் எங்கே அப்பா கரண்டு போகிறது? நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். இதில் நான் வீரன் இல்லை. பாதிக் கதை வரைக்கும் வில்லன், மீதிக் கதைக்குக் கோமாளி.

முதலில் என் தகுதியைச் சொல்ல வேண்டும். நான் கீழக்கரைக்காரன். துபாய் தேரா பஜாரில் வாட்ச் கடையில் நின்றவன், பிறகு கம்பளம் ஏலம் விடும் இடத்தில் சேர்ந்தவன். கம்பளத்தைத் தரையில் விரித்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் எங்கே தைத்திருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்று மேடு பள்ளமாகத் தெரியும். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். நம் நிறுவனத்தில் காமிக்ஸ் ஓவியங்களுக்கு ஒரு பிரிவு தொடங்கியபோது, "இதைப் பற்றித் தெரிந்தவர் யார்?" என்று நம் முதலாளி மேடம் கேட்டார். கை தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் பூகோளப் புத்தகத்துக்குள் படக்கதை வைத்துப் படித்து வாத்தியாரிடம் உதை வாங்கியதைத் தவிர வேறு படிப்பு இல்லை. கழுதைக்கும் கற்பூரத்துக்கும் உள்ள அதே உறவு. ஆனால் சட்டைப் பையில் டார்ச் வைத்துக்கொண்டு, எதைப் பார்த்தாலும் "ம்ம்ம்..." என்று இழுத்தால் ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். நானும் நம்பிவிட்டேன், அதுதான் பெரிய ஆபத்து.

அந்த வருஷம் எங்களிடம் தங்கராசுவின் அட்டைகள் வந்தன. தங்கராசு கறம்பக்குடிப் பக்கத்துப் பையன். பையன் என்றால் நாற்பதைத் தொட்டவன். ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் வேலை. கேம்ப் ரூமில் எட்டுப் பேர். டூட்டி முடிந்து வந்து டைல்ஸ் அட்டைப்பெட்டியை வெட்டி, அதன் உள்பக்கத்தில் ரூம் கதையைக் கட்டம் கட்டமாக வரைவான். போர்மேனின் தொப்பை, மெஸ் சாம்பாரில் பருப்பைத் தேடிப் போன ஆள் திரும்பி வராதது, ஃபிரிட்ஜுக்குப் பூட்டு போட்ட கேம்ப் பாஸ், எல்லாம் வரும். "மேல்கட்டில்" என்று அதற்குப் பெயர். டைப்பிங் சென்டரில் ஜெராக்ஸ் எடுத்து, மெத்தைக்கு அடியில் மறைத்து, ஒரு கேம்பிலிருந்து இன்னொரு கேம்புக்குப் போகும். போர்மேனையே வரைந்திருப்பதால் யார் வரைந்தது என்று எங்கேயும் இருக்காது. வெளிநாட்டில் இந்த மாதிரித் திருட்டுத்தனமாகச் சுற்றிய காமிக்ஸின் மூலப் படங்களுக்கு இன்றைக்கு எவ்வளவு மவுசு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே அப்படி ஒன்று கிடைத்ததும் மேடத்துக்குக் கண் விரிந்துவிட்டது.

அட்டைகளில் ஒன்றில், ரூமின் எட்டுக் கட்டிலும் தெரிகிற மாதிரி ஒரு பெரிய படம். அதில் ஒரு மேல்கட்டில் மட்டும் தனித்தாளில் வரைந்து மேலே ஒட்டியிருந்தது. காலிக் கட்டில், மடித்து வைத்த போர்வை, ஆள் இல்லை. மற்ற ஏழு பேரும் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? டார்ச்சை எடுத்தேன், சாய்த்தேன், அடித்தேன். ஒட்டுத்தாளுக்கு அடியில் மேடாக ஏதோ தெரிந்தது. தலை மாதிரி. தோள் மாதிரி. உட்கார்ந்திருக்கும் ஒரு உருவமேதான்! அன்றைக்கே கேட்லாகில் எழுதினேன்: "ஒட்டுத்தாளுக்கு அடியில் ஓவியர் மறைத்த வேறொரு உருவம் இருக்கிறது. கூர்ந்து பார்ப்பவர்களுக்கு அது தென்படும்." எழுதிவிட்டு எனக்கே புல்லரித்தது. தங்கராசுவிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. நிபுணர் எங்கேயாவது வரைந்தவனிடம் போய்க் கேட்பாரா!

பிள்ளைகளா, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். விற்கிற பொருளைப் பற்றித் தெரிந்ததை எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு அழகான இடம் இருக்கிறது, அங்கே வாக்கியங்கள் எல்லாம் தானாக வந்து விழும். அங்கே மட்டும் போகாதீர்கள். நான் அங்கேதான் குடியிருந்தேன்.

ஏலத்துக்கு முந்தின நாள், பொருட்களைப் பார்வைக்கு வைத்திருந்தோம். பம்பாய்க்காரர் ஒருவர், பெரிய சேகரிப்பாளர், அந்த அட்டை முன்னாலேயே நின்றார். தங்கமான மனுஷன், குரலே உயர்த்த மாட்டார். "உங்கள் வரியைப் படித்துத்தான் வந்தேன்," என்றார். "இதை வாங்கினால் நல்ல ஆளை வைத்து அந்தத் தாளைப் பிரிப்பேன். அடியில் இருப்பதைப் பெரிதாக்கி, கண்காட்சி வைத்து ஊருக்கே காட்டுவேன்." நான் பூரித்துப் போய் அவருக்கு என் டார்ச்சையே கொடுத்தேன். அவரும் அடித்துப் பார்த்து, "ஆமாம் ஆமாம், ஒரு பெண் மாதிரி இருக்கிறதே," என்றார். நானும் ஆமாம் என்றேன். வியாபாரத்தில் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவது நமக்கும் தெரியும்.

அவர் போன பிறகு எங்கள் வாச்மேன் யாரோ ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஐம்பது வயசு இருக்கும். சட்டை இஸ்திரி போட்டு, பொத்தான் கழுத்து வரை மாட்டி, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு அந்த வழவழப்புத் தரையில் வெறுங்காலோடு நின்றார்.

"பாய், நீங்கதான் தமிழ் ஆளுன்னாங்க. எம் பேரு கலியபெருமாள். பெரம்பலூர்ப் பக்கம். இப்ப ஜெபல் அலில வேர்ஹவுஸ்ல இருக்கேன்."

"சொல்லுங்கண்ணே. செருப்பை எதுக்குக் கழட்டுனீங்க?"

"இருக்கட்டும் பாய். இந்தப் படத்தை வாட்ஸ்அப் குரூப்புல போட்டிருந்தானுவ. நீங்க எழுதுனதையும் தமிழ்ல ஒருத்தன் போட்டிருந்தான்." அட்டையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த ஒட்டுன தாளுக்கு அடியில இருக்கறது நான்தான்."

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, அடித்தது அதிர்ஷ்டம், உயிரோடு ஒரு சாட்சி என்று. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தேன். அவர் டீயைத் தொடவில்லை.

"நாலஞ்சு வருஷம் முன்னாடி, எஞ் சம்சாரம் தவறுன அன்னிக்கு லீவு கேட்டேன் பாய். மாஃபி, கெடையாதுன்னுட்டான் போர்மேன். காரியம் எல்லாத்தையும் போன்லதான் பாத்தேன். ரூம்ல யார்கிட்டயும் வாய தொறக்கல. அவ பழைய சேலை ஒண்ணு விரிப்புக்குன்னு கொண்டாந்திருந்தேன். அதைத் தலையோட போத்திக்கிட்டுக் கட்டில்ல உக்காந்திருந்தேன். தங்கராசு டூட்டி முடிஞ்சு வந்தான். எப்பவும் போல அட்டைய எடுத்தான், வரைஞ்சான். என் தலைக்கு மேலயே ஒரு வரி எழுதுனான், 'என்னண்ணே, இன்னிக்கு மொதராத்திரியா'ன்னு. ரூமே சிரிச்சிச்சு."

"அவனுக்கு விஷயம் தெரியாதுல்ல?"

"தெரியாதுதான். நான் சொன்னப்பறம் அவன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. கிழிச்சுப் போடுடான்னேன். 'மத்தவங்க எல்லாம் இதுல இருக்காங்கண்ணே, உங்க எடத்த மட்டும் மறைச்சு ஒட்டிடுறேன்'னான். ஒட்டுனான். ஒட்டுனது என்ன பாய், எப்ப வேணா பிரிக்கலாம்ல? எங் கண்ணீரை விட அவனுக்குப் படம் பெருசாப் போச்சு. அவ்வளவு ஒட்டா இருந்தோம், ஒரே தட்டுல சோறு தின்னிருக்கோம். அன்னியோட பேச்சை விட்டேன். ட்ரான்ஸ்பர் கேட்டு வந்துட்டேன்."

ஆறுதல் சொல்கிறேன் என்று, "யாருக்குண்ணே அது நீங்கன்னு தெரியப் போவுது," என்றேன்.

"எம் மவளுக்குத் தெரியும் பாய்." இப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "காலேஜ் படிக்குது. எல்லாத்தையும் போன்ல பாத்துரும். அம்மா போன அன்னிக்கு அப்பன் கலங்காம இருந்தேன்னு அதுக்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். அந்த தைரியத்துலதான் அது பரீட்சை எழுதுச்சு. கட்டம் போட்ட பார்டர், அவங்கம்மா சேலை. அந்தப் பய பார்டரைக்கூட அப்படியே வரைஞ்சு வச்சிருந்தான். மொதராத்திரின்னு எழுதி, பக்கத்துல ஏழு பேரு சிரிக்கிறதை எம் மவ பாக்கணுமா பாய்? எப்படியாச்சும் நிறுத்துங்க. நான் வந்தேன்னு அவன்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அவன்கிட்ட நான் எதுவும் கெஞ்சல."

வல்லாஹி, அல்லா மேல் சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. ஏலத்திலிருந்து பொருளை எடுக்க வேண்டுமானால் கொடுத்தவன் சொல்ல வேண்டும். கொடுத்தவனிடம் விஷயத்தைச் சொல்ல என் வாயை நானே பூட்டிக்கொண்டேன். புத்திசாலி என்றால் நான்தான்.

மேடத்திடம் ஓடினேன். அவர் லெபனான்காரர், கறார்ப் பேர்வழி. யார் எவர் என்று சொல்லாமல், அந்த வரியை எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். "அச்சானது அச்சானதுதான். திருத்தம் இருந்தால் நாளை மேடையில் சொல்லலாம். எழுதியவர் நீங்கள், நீங்களே சொல்லுங்கள். எதனால் தவறியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்," என்றார். அந்தப் பிரிவுக்கு மேடையேறி ஏலம் விடுகிறவனும் நான்தான். நல்ல வசதி.

யோசித்துப் பாருங்கள். கலியபெருமாளின் ரகசியத்தைச் சொல்லாமல், பம்பாய்க்காரரின் ஆசையை அணைக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, அடியில் ஒன்றுமே இல்லை என்று சொல்வது. அதாவது சபை நடுவில் பச்சைப் பொய். நம் தொழிலில் பொருளைப் பற்றிப் பொய் சொன்னவன் அத்தோடு காலி. இல்லாததை இருக்கிறது என்று சொல்லி மாட்டியவர்கள் உண்டு. இருப்பதை இல்லை என்று சொல்லி மாட்டப் போகிற முதல் ஆள் நான்தான் என்று நினைத்தேன். தங்கராசுவின் பிழைப்பில் வேறு கை வைக்கிறேன். அவன் விசாவை கேன்சல் பண்ணிவிட்டு ஊருக்கே போகப் போகிறவன், இந்த அட்டைகளை நம்பித்தான் டிக்கெட் தேதியே யோசித்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் அவன், இன்னொரு பக்கம் வெறுங்காலோடு நின்ற அந்த மனுஷன். எனக்கு அவருடைய கால்தான் கண்ணுக்குள்ளேயே நின்றது. படத்தை வேறு ஆள் வாங்கினாலும் தங்கராசுவுக்குப் பணம் வந்துவிடும். மகள் ஒரு தடவை பார்த்துவிட்டால் பார்த்ததுதான்.

மறுநாள் மாலை, மேடையில் அந்த அட்டையின் முறை வந்தது. தண்ணீர் குடித்தேன். "கேட்லாகில் ஒரு திருத்தம்," என்றேன். "இதன் அடியில் மறைந்த உருவம் இருப்பதாக எழுதியிருந்தேன். அடியில் எதுவும் இல்லை. வெறும் அட்டை. எழுதியது என் தவறு."

பம்பாய்க்காரர் எழுந்து, மரியாதையாகவே கேட்டார்: "அப்படியானால் டார்ச் அடித்து நீங்கள் என்ன பார்த்தீர்கள்?"

"என் ஆசையைப் பார்த்தேன் ஐயா," என்றேன். "வயசாகிவிட்டது. கண்ணாடி பவர் கூடியிருக்கிறது. டார்ச்சுக்கு பேட்டரியும் பழசு."

சிரித்தார்கள் பாருங்கள்! முன் வரிசையில் ஆரம்பித்த சிரிப்பு கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. போன் பிடித்து வெளியூரிலிருந்து ஏலம் கேட்பவர்களோடு பேசிக்கொண்டிருந்த நம் பிள்ளைகள்கூட போனை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. பம்பாய்க்காரர் ஏலம் கேட்கத் தூக்கும் தன் நம்பர் அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தார். அல்ஹம்துலில்லாஹ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அபுதாபியிலிருந்து வந்திருந்த ஒரு மலையாளி டாக்டரம்மா கை தூக்கினார். அந்தக் காலிக் கட்டிலும் மடித்த போர்வையும்தான் தனக்குப் பிடித்திருக்கிறது, அடியில் என்ன இருந்தால் தனக்கென்ன என்று பிறகு சொன்னார். வேறு இரண்டு பேர் போட்டிக்கு வந்தார்கள். நியாயமான விலைக்கே போனது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று வாய்க்குள் தமிழில் முணுமுணுத்து சுத்தியலைப் போட்டேன். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் டார்ச் பாய். அதன் பிறகு நான் டார்ச்சை எடுத்தாலே, "ஆசை தெரியுதா பாய்?" என்று கேட்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். ஒரு மனுஷன் மானத்துக்காக என் மானத்தை விற்ற தியாகி என்று தினமும் கண்ணாடியில் எனக்கு நானே சலாம் வைத்துக்கொண்டேன்.

அந்தத் தியாகம் ரொம்ப நாள் நிற்கவில்லை. கொஞ்ச நாளில் டாக்டரம்மா போன் பண்ணினார். அட்டையை ஏசி நேராக அடிக்கிற சுவரில் மாட்டியிருக்கிறார். பசை காய்ந்து, ஒட்டுத்தாள் கழன்று விழுந்துவிட்டது. "ஒருக்கா வந்து நோக்கணும் பாய், அடியில விசித்திரமா இருக்கு," என்றார். செத்தோம் என்று நினைத்தேன். அபுதாபி போகிற வழி முழுக்கத் தெரிந்த துஆவெல்லாம் ஓதினேன். அந்தம்மா காலில் விழுந்தாவது இதை யாருக்கும் காட்டாதீர்கள் என்று கேட்க வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால், அங்கே படமே இல்லை.

அந்தக் கட்டத்தின் அளவுக்கு அட்டையின் மேல்தாளை பிளேடால் சுத்தமாகக் கீறி உரித்து எடுத்திருந்தது. உள்ளே இருக்கும் நெளிநெளிச் சுருள் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அதன் மேல் காய்ந்து போன சோறு. ஆமாம், சோறு! கேம்பில் பசைக்கு எங்கே போவான், மெஸ் சோற்றைப் பிசைந்து ஒட்டியிருக்கிறான், சரியாக மசிக்கவும் இல்லை. நான் டார்ச் அடித்துக் கண்டுபிடித்த தலை ஒரு பருக்கை. தோள் இரண்டும் இரண்டு பருக்கை. பம்பாய்க்காரர் பார்த்த பெண்ணும் அதேதான். அடியில் ஒன்றும் இல்லை, வெறும் அட்டை. பொய் என்று நினைத்துக்கொண்டு, அல்லாவிடம் மன்னிப்பு கேட்டுவிட்டு நான் மேடையில் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. தியாகி பட்டம் அந்த நிமிஷமே போயிற்று. டாக்டரம்மா பக்கத்தில் நின்றதால் அடக்கிக்கொண்டேன், இல்லாவிட்டால் அங்கேயே உட்கார்ந்து சிரித்திருப்பேன். அழுதும் இருப்பேன்.

வெளியே வந்து முதல் வேலையாகத் தங்கராசுவைக் கூப்பிட்டேன். கலியபெருமாள் பெயரையே எடுக்கவில்லை. "தம்பி, ஒட்டுத்தாள் விழுந்துருச்சு. அடியில மேல்தாளே இல்லையே, என்னப்பா?" என்றேன்.

தங்கராசு சொன்னான்: "அது ஒரு அண்ணனை வரைஞ்சது பாய். வரைஞ்சிருக்கக் கூடாது. ஒட்டுறதுக்கு முன்னாடியே உரிச்சு எடுத்து கிச்சன் அடுப்புல போட்டுட்டேன்."

"அவர்கிட்ட சொன்னியா?"

"எங்க பாய்! என் மூஞ்சியப் பாக்கவே மாட்டேன்னுட்டாரு. அப்புறம் ஜெபல் அலி போனப்புறம் எத்தனையோ தடவை போன் போட்டேன், எடுக்கல. எனக்கும் ரோஷம் வந்துருச்சு. நான் அதை வச்சிருப்பேன்னு நெனச்சாருல்ல? ஒரு தட்டுல தின்னவன் அப்படியா செய்வான்? நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை எனக்கு ஃபிளைட்டு. இனி அதைப் பேசி என்ன, கலாஸ், முடிஞ்சு போச்சு."

அடப் பாவிகளா! ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு, ஒருத்தன் இல்லாத படத்துக்குப் பயந்துகொண்டு, இன்னொருத்தன் எரித்த படத்துக்குப் பழி சுமந்துகொண்டு, இத்தனை வருஷம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நிமிஷமே, கலியபெருமாள் கொடுத்துப் போயிருந்த நம்பரில் அவரைக் கூப்பிட்டேன். அவர் பெயரைத்தான் சொல்லக் கூடாது என்று வாக்கு. அவனுடைய விஷயத்தை அவரிடம் சொல்லக் கூடாது என்று நான் யாருக்கும் சத்தியம் பண்ணவில்லை.

"அண்ணே, அந்தத் தாளு விழுந்துருச்சு," என்றேன்.

வேர்ஹவுசில் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் போகிற பீப் பீப் மட்டும் கேட்டது.

"அடியில ஒண்ணும் இல்லண்ணே. நீங்க சொன்ன அன்னிக்கே உரிச்சு அடுப்புல போட்டுட்டானாம். அதுக்கப்புறம்தான் ஒட்டியிருக்கான். நான் என் கண்ணால பாத்துட்டு வர்றேன்."

அவர் அழுதார். பெரிய மனுஷன், டூட்டியில், சுற்றிலும் ஆள் இருக்கையில், வாயைப் பொத்திக்கொள்ளாமல் அழுதார். நான் போனைக் காதில் வைத்தபடி அபுதாபி வெயிலில் நின்றேன். வாய்தான் என் தொழில், அன்றைக்கு அது வேலை செய்யவில்லை.

ரொம்ப நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "அந்தப் பய இப்ப எங்க பாய் இருக்கான்?"

"அதே ரூம்தான். விசா கேன்சல் ஆயிடுச்சு. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போறான்."

"வெள்ளிக்கிழமையா?" குரல் சட்டென்று மாறிவிட்டது. "அப்ப வியாழக்கிழமை நான் அங்க இருந்தாகணும். பெட்டிய நான்தான் கட்டணும் பாய். அவன் கட்டுனா ஏர்போர்ட்டுலயே அவுந்துரும்."